குழலில் இருந்த வருசம்

9 மார்ச் 1986, ஞாயிறு

இவர் பழைய சாமான் சந்தையில் ஒரு ராணுவத் துப்பாக்கி வாங்கி, போர்வையில் சுற்றி மெத்ரோ ரயிலில் கொண்டுவந்திருக்கிறார். மேலே 1886 என்று பொறித்திருந்தது.

“சரியா நூறு வருசம்! இவ்வளவு பழசுக்கு லைசென்ஸ் பேப்பர் தேவையில்லையாம். நல்ல விலைக்கு விக்கலாம்.”

நான் குழலைத் துடைத்துப் பார்த்தேன். அங்கே 1917.

“இஞ்சேருங்கோ, மேல இருக்கிறது மாடல் வந்த வருசம். செய்த வருசம் இதுதான். நூறு வருசம் ஆகேல்லை, பேப்பர் கேப்பாங்கள்.”

அவர் அவசரமாகப் போர்வையை இழுத்து அதை மூடினார். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. பொலிஸ் பிடித்தால் எல்லாம் போச்சு.

“நீர் சந்தைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுமன். கழட்டி, பிள்ளையின்ர தள்ளுவண்டிலுக்கை வைச்சால் ஒருத்தரும் பாக்கமாட்டாங்கள்.”

பிள்ளைக்கு ஆறு மாதம். துப்பாக்கியின் மேல்தான் அவள் படுக்க வேண்டியிருக்கும்.

மாட்டேன் என்று நான் இன்னும் சொல்லவில்லை. அதனால்தான் நித்திரை வரவில்லை.