வாங்கிக்கொள்ளாத கோபம்

ஜூன் 11

அன்புள்ள அக்கா,

நீ அனுப்பிய குட்டித் தியானப் புத்தகம் கிடைத்தது. தோழி வீட்டு முகவரிக்கு அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. கணக்கில் மதிப்பெண் குறைந்ததற்காகச் சைரன் என் போனைப் பீரோவில் பூட்டிவிட்டார். அப்பாவுக்கு நீ வைத்த பெயர்தான், மாற்றவில்லை. தெருமுனையிலேயே சத்தம் கேட்டுவிடுகிறதே!

போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. போன வாரம் என் அறைத் தாழ்ப்பாளை உதைத்து உடைத்தார். அம்மா வழக்கம்போல வாசலை மறித்துக்கொண்டாள். "முதல்ல என்னைத் தாண்டிப் போங்க, அப்புறம் அவளைத் தொடுங்க." கையில் துடைப்பம் வேறு. அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தினம் ஒரு பக்கம் படிக்கிறேன். படிக்கும்போது படபடப்பு குறைகிறது. பிறகு அவர் பைக் சத்தம் கேட்கிறது.

பரீட்சை முடிந்ததும் என்னை உன்னிடம் கூப்பிட்டுக்கொள்வாயா?

உன் வாலு

ஜூன் 27

என் செல்ல வாலுவுக்கு,

வார்டில் தொடர்ந்து இரவு வேலை, அதனால்தான் தாமதம். கோபித்துக்கொள்ளாதே.

நானும் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள்தான். இப்போது அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்காமல் வார்டுக்குள் போவதில்லை. அதில் ஒரு கதை வரும். ஒருவன் புத்தரை வாய்க்கு வந்தபடி திட்டினானாம். விருந்தாளி தொடாத சாப்பாடு யாருக்குச் சொந்தம் என்று புத்தர் கேட்டார். வைத்தவனுக்குத்தான் என்றான். உன் வசவும் அப்படித்தான், நான் வாங்கிக்கொள்ளவில்லை என்றார். நீயும் வாங்கிக்கொள்ளாதே.

அம்மாவுக்கும் ஒரு புத்தகம் அனுப்பியிருக்கிறேன். எதிர்த்துப் பேசுவதுதான் அவரைக் கிளப்பிவிடுகிறது. அவள் அமைதியானால் வீடே அமைதியாகும்.

இங்கே ஓர் அறையில் மூன்று பேர் இருக்கிறோம். உன்னை எங்கே படுக்க வைப்பது? கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அன்பு முத்தங்களுடன்,
அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்கா,

"பெரிய மனுஷி ஆயிட்டா உங்கக்கா, எனக்கே பாடம் அனுப்புறா" என்று அம்மா முதலில் கேலி செய்தாள். இப்போது அடுப்பில் உலை வைத்துவிட்டுப் படிக்கிறாள். உதடு அசைகிறது. சைரனுக்கே குழப்பம். "என்னடி, வாய்ல பூட்டுப் போட்டுட்டியா?" என்று கேட்டார். அம்மா சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை அவர் என் அறைக்கு வந்தார். அம்மா கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். "அம்மா" என்று கூப்பிட்டேன். எழுந்து வரவில்லை. நல்லவேளை, திட்டியதோடு போய்விட்டார். பிறகு அம்மா வந்து என் தலையைத் தடவி, "அவர் கோபம் அவரோடதுடி, நாம ஏன் வாங்கணும்?" என்றாள்.

அக்கா, அம்மாவுக்கு ஒரே ஒரு வரி எழுது. படிக்கட்டும், ஆனால் அவர் என் அறைக்கு வந்தால் மட்டும் எழுந்து வரட்டும். நீ சொன்னால் கேட்பாள்.

உன் வாலு

ஆகஸ்ட் 3

என் செல்ல வாலுவுக்கு,

அம்மா போனில் பேசினாள். அவள் குரலில் இப்படி ஒரு நிதானத்தை நான் கேட்டதே இல்லை. எத்தனையோ வருடம் கழித்து நன்றாகத் தூங்குகிறாளாம். போனை வைத்துவிட்டு அழுதேன். அதையா கெடுக்கச் சொல்கிறாய்?

திட்டிவிட்டுப் போய்விட்டார் என்று நீயே எழுதியிருக்கிறாய். பார், பலன் தெரிகிறது! பயம் வந்தால் மூச்சைக் கவனி. நானும் அப்படித்தான் தாண்டி வந்தேன்.

அன்புடன்,
அக்கா

ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

சனிக்கிழமை அவர் எவர்சில்வர் டம்ளரை வீசினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. இருந்தும் அது வீசியவரிடம் திரும்பிப் போகவில்லை. இடது புருவத்துக்கு மேலே தையல் போட்டிருக்கிறார்கள்.

"படியில தவறி விழுந்துட்டா டாக்டர்" என்றாள் அம்மா. எவ்வளவு நிதானமாகச் சொன்னாள் தெரியுமா? நீ கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய்.

மூச்சைக் கவனித்துத் தாண்டி வந்ததாக எழுதியிருந்தாய். நீ பெட்டியோடு வெளியேறிய அன்று நானும் கூடத்தில்தான் இருந்தேன். அவர் உன்னைப் பிடிக்க வரவும் அம்மா கதவை மறித்து நின்றாள். அவள் தோளில் அறை விழுந்தது, நகரவில்லை. "நீ போடி, திரும்பிப் பார்க்காத" என்று உன்னைப் பார்த்துக் கத்தினாள். நீ புத்தகம் படித்துத் தாண்டிப் போகவில்லை, அவளைத் தாண்டிப் போனாய். போன பிறகு அவளை உட்காரச் சொல்லிவிட்டாய்.

அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. அவளும் எத்தனை நாள்தான் நிற்பாள்? தூங்கட்டும்.

தாழ்ப்பாள் இன்னும் உடைந்துதான் கிடக்கிறது. உன் புத்தகத்தை இரண்டாக மடித்துக் கதவுக்கு அடியில் உள்பக்கமாகச் செருகியிருக்கிறேன். தள்ளினால் ஒரு விரல் அளவு திறக்கிறது, அதற்கு மேல் வரவில்லை. அதை வைத்த பிறகுதான் உட்கார்ந்து இதை எழுத முடிகிறது.

தோழி வீட்டில் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இனி அங்கே கடிதம் போடாதே. புத்தகம் அனுப்புவதாக இருந்தால் மட்டும் அம்மா பெயருக்கு வீட்டுக்கே அனுப்பு. இன்னும் கொஞ்சம் தடிமனாகப் பார்த்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் தங்கை