எருமப்பட்டியில் நிற்கும் விமானம்

எருமப்பட்டி
9.4.1979

அன்புள்ள அம்மாவுக்கு, சியாமளா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். கண் உறுத்தல் குறைந்ததா? சொட்டு மருந்தை நிறுத்த வேண்டாம்.

மியூசியத்துக்காக நான் திருச்சியிலிருந்து பெங்களூருக்கு லாரியில் கொண்டுபோகும் பழைய போர் விமானம் இந்த ஊரில் நின்றுவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. மாரியம்மன் திருவிழாவுக்குத் தெரு நடுவே கம்பம் நட்டிருக்கிறார்கள். லாரியை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு போக ஊரார் சம்மதித்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் டிரைவர் நாச்சிமுத்து கோயிலுக்குப் போய்க் கையில் காப்புக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். காப்புக் கட்டியவர் கம்பம் பிடுங்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதாம். அதற்கு இன்னும் இரண்டு வாரம்.

"தெரிந்துதான் கட்டினீர்களா?" என்றேன்.

"பூசாரி கூப்பிட்டாருங்க. ஆத்தா காரியம், மாட்டேன்னு எப்படிங்க சொல்றது?"

டீக்கடை ஆத்தாயி சிரிக்கிறாள். "உங்களுக்கும் ஒண்ணு கட்டீரலாம் வாங்க, சாமி. ஏரோப்ளேன் எங்கீங்க பறந்துரப் போகுது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு டிரைவர் கேட்டுத் தந்தி கொடுத்தேன். இவ்வளவு நீள வண்டியை ஓட்ட ஆள் இல்லை என்று பதில் வந்தது. விமானத்தை விட்டுவிட்டு நான் பஸ் ஏறினால், ஆளுக்கொரு திருகாணியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆகவே அடுத்த வாரம் உங்கள் கண் ஆபரேஷனுக்கு நான் வர முடியாது. தள்ளிப்போட வேண்டாம், தங்கை உங்களுடன் இருக்கட்டும். எருமப்பட்டி தபால் நிலைய முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள். அவளை எழுதச் சொல்லாதீர்கள். கண்ணில் கட்டுப் போடுவதற்கு முன் நீங்களே எழுதுங்கள். வரி கோணினாலும் பரவாயில்லை, படித்துக்கொள்வேன். தபால் பையைக் கட்டுகிறார்கள், நிறுத்துகிறேன்.

சியாமளா