உன் செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அப்பா

சட்டையெல்லாம் மரவள்ளி மண்ணோடு, எனக்குக் கொண்டுவந்ததைப் பின்னால் மறைத்துக்கொண்டு வாசலில் நின்று சிரிக்கும் என் அப்பாவுக்கு,

நான் இப்போது பதினொன்றாம் வகுப்பு. வரலாறு எடுத்திருக்கிறேன். யாரிடம் சொன்னாலும் "ஏன், கணக்கு வரலியா?" என்கிறார்கள். நீ அப்படிக் கேட்டிருக்க மாட்டாய் என்று தெரியும். அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன்.

எட்டாவது படிக்கும்போது, பத்திரிகைக்காரி ஆகப்போகிறேன் என்றேன். அம்மா சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. கல்வராயன் மலையிலிருந்து சின்னசேலம் ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு வண்டி ஓட்டிப் போகிற வழியெல்லாம், பார்க்கிறவர்களிடம் கேட்க ஆரம்பித்தாய். "எம் பொண்ணு பேப்பர்ல எழுதப் போவுதுங்க. அதுக்கு இன்னா படிக்கணும்?"

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் பொது அறிவு வினா விடையும், விண்ணப்பம் எழுதக் கற்றுத்தரும் புத்தகமும் உன் தலையில் கட்டினார். ஆலை மேனேஜர், இங்கிலீஷ் இல்லாமல் ஒன்றும் ஆகாது என்று பாதிப் பக்கம் கிழிந்த வார இதழைக் கொடுத்தார். மலைமேல் யாரோ கொடுத்தது, கரடி எதிரில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற நோட்டீஸ்.

"இதப் போயி எடுத்துக்கினு வந்தியாப்பா?"

"ஏன்? இதுவும் ஒருத்தன் உக்காந்து எழுதினதுதான? கரடியப் பார்த்து ஓடறவனுக்கே புரியற மாதிரி எழுதிக்கிறான். படி."

படித்தேன். அவ்வளவு தெளிவான தமிழை என் பாடப் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை.

ஆனால் நாம் சேர்ந்து படித்தது பேப்பரில் வரும் மாவட்டப் பக்கம்தான். நீ சாப்பிடும்போது நான் படிப்பேன். விபத்துச் செய்தி வந்தால் உன் கை சோற்றிலேயே நிற்கும். "எந்த எடம்? எந்த வண்டி?" என்பாய். "சாப்புடற நேரத்துல இன்னா எழவு சேதி?" என்று அம்மா திட்டுவாள். உடனே அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். எப்படி அவ்வளவு சுலபமாகப் போனோம், அப்பா?

பிறகு அந்த மழை. நீ கிழங்கோடு இறங்கி வந்த அந்த வளைவு.

மறுநாள் மாவட்டப் பக்கத்தில் கவிழ்ந்த வண்டியின் படம் வந்தது. சித்தப்பா விடியும்போதே டீக்கடை, சலூன் என்று ஏறி இறங்கி, ஊருக்கு வந்த பேப்பரையெல்லாம் வாங்கி வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். படத்தில் உன் மேல் போர்த்தியிருந்த துணிக்கு வெளியே கால் தெரிந்ததாம். அண்ணி அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். பாசத்தில்தான் செய்தார்.

அன்றோடு நம் வீட்டுக்குப் பேப்பர் நின்றது. கடையில் பருப்பைத் தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தால்கூட, பருப்பைப் பாத்திரத்தில் கொட்டிக்கொண்டு தாளைத் தெருவிலேயே போட்டுவிட்டு வருவாள் அம்மா. நான் கள்ளக்குறிச்சி நூலகத்துக்குப் போனேன். நூலகர் பயணக் கதை, தன்வரலாறு என்று தேடித் தேடிக் கொடுத்தார். நல்ல புத்தகங்கள்தான். பேப்பர் மேசைப் பக்கம் மட்டும் நான் போகவில்லை. பேப்பரைத் தொடப் பயப்படுகிறவள் என்ன பத்திரிகைக்காரி?

போன மாதம் துணிந்து கேட்டேன். "மறுபடி பேப்பர் போடச் சொல்லட்டாம்மா?"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை. "உங்கப்பாவப் பத்தி அதுல இன்னா போட்டான்னு தெரியுமாடி ஒனக்கு?"

"தெரியாதும்மா. நான் பார்க்கல."

"எனக்குத் தெரியும். குடிச்சிட்டு ஓட்டினாருன்னு போட்டிருப்பான். இல்லாட்டி ஒங்க சித்தப்பன் ஏன் எல்லாத்தையும் கொளுத்தணும்? பொம்பளைங்க என்னப் பார்த்ததும் ஏன் வாய மூடிக்கினாங்க?"

நீ எப்போதாவது குடிப்பாய். வண்டி எடுக்கும் நாளில் தொட்டதில்லை. அது என்னைவிட அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அச்சில் வந்துவிட்டது என்று நினைத்து, தனக்குத் தெரிந்ததையே இத்தனை நாள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். எனக்கு ஏன் தெரியவில்லை?

சித்தப்பாவிடம் கேட்டோம். "அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணி" என்று எழுந்து போய்விட்டார். அம்மா நம்பவில்லை. அந்தச் சனிக்கிழமை அவளை நூலகத்துக்கே கூட்டிப்போனேன். பஸ்ஸில்தான் எனக்குத் தோன்றியது. ஒருவேளை அப்படியே போட்டிருந்தால்?

பழைய பேப்பர் கட்டுகள் இன்னும் ஏலத்துக்குப் போகவில்லை. நூலகர் தேடி எடுத்து வந்து மேசையில் வைத்தார். படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, படிக்கத் தெரியாத அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்தேன். உன் பெயர், வயது, நம் ஊர். மழையில் சாலையோரம் மண் சரிந்து கிழங்கு வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தது. ஓட்டி வந்தவர் அங்கேயே இறந்தார். போலீசார் விசாரிக்கின்றனர்.

"அப்பறம்?"

"அவ்ளோதாம்மா."

"மறைக்காதடி."

"ஒம்மேல சத்தியமா அவ்ளோதான். குடிச்சாருன்னு ஒரு எழுத்துகூட இல்ல."

"மண்ணு சரிஞ்சுதா?" என்றாள். "மண்ணுதான் சரிஞ்சுதா?" அப்புறம் அழுதாள். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அப்படி அழவில்லை. அமைதி காக்கவும் என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தோம். பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். நூலகர் எழுந்து வந்தார். தன் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்.

"இன்னொருக்கா படி. அவரு பேர மட்டும் மெதுவா படி."

படித்தேன். முடித்ததும் அம்மாவே என் கையை மெல்ல விலக்கிவிட்டுப் படத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"காலு நனையுது பாரு," என்றாள். "யாராச்சும் மூடி இருக்கலாம்."

இப்போது நம் வீட்டுக்குப் பேப்பர் வருகிறது, அப்பா. காலையில் அம்மாவுக்கு மாவட்டப் பக்கத்தைப் படித்துக் காட்டுகிறேன். இறந்தவர்களின் பெயர் வரும்போது அவள் சொல்லாமலே மெதுவாகப் படிக்கிறேன். சில நாள் ஒரு பெயரிலேயே நின்றுவிடுகிறேன். அம்மா காத்திருக்கிறாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஒருநாள் செய்தி எழுத அப்படி ஓர் இடத்துக்கு நானும் போவேன். முதலில் குனிந்து காலை மூடுவேன். பிறகுதான் பெயர் கேட்பேன்.

நீ போனபின் 'பாப்பா' என்று கூப்பிட ஆளில்லாத,
உன் மகள்.