வெறும் மனையில் ஒரு வாசக்கால்

ஜூன் 8, ஞாயிறு

காலையிலேயே வெயில். விடிந்ததும் மனைக்கு. ஒரகடத்திலிருந்து உள்ளே, ஏரிக்கரை தாண்டி. பட்டா என் பேரில். சங்கரன்கோவில்காரிக்கு இங்கே ஒரு பட்டா! இன்னும் நம்ப முடியவில்லை.

மஞ்சள், மாவிலை, நவதானியம், பால். பாலை மறந்துவிட்டு என் வீட்டுக்காரர் கன்னியப்பன் திரும்ப ஓடினார். (இனி க. என்றே எழுதுவேன். சோம்பல்.)

மேஸ்திரிக்குச் சிரிப்பு. "அஸ்திவாரமே இல்ல, அதுக்குள்ள வாசக்காலா?"

க.வின் அக்கா மல்லிகா விடவில்லை. "வைகாசி போச்சுன்னா அப்புறம் ஆவணிதான். இன்னிக்கி நாளு நல்லா கீது. நிறுத்துப்பா."

நாலு செங்கல் மேல் நிறுத்தி, சிமென்ட் பூசி, பால் ஊற்றியாயிற்று. சுற்றிலும் பொட்டல், நடுவில் ஒரு வாசல். எல்லாரும் நகர்ந்த பிறகு அதன் வழியாக உள்ளே போனேன். வெளியே வந்தேன். மறுபடி உள்ளே. இது கூடம், அந்தத் தென்கிழக்கு மூலை அடுப்படி. காற்றும் கூடவே உள்ளே வந்த மாதிரி இருந்தது. பைத்தியம்தான் எனக்கு.

ஜூன் 10, செவ்வாய்

முதல் ஷிஃப்ட். கம்பெனி பஸ்ஸில் கனவு. வெளியே அடைமழை, நான் வீட்டுக்குள் நனையாமல். முழித்தால் என் தோளில் பக்கத்து சீட்டுப் பெண்ணின் தலை.

லைனில் பீஸ் செக் பண்ணிக்கொண்டே சுவருக்கு நிறம் யோசனை. சூப்பர்வைசர்: "இன்னா பேச்சி, தனியா சிரிச்சிகினு கீற?" ஒன்றுமில்லை சார் என்றேன். இளம் பச்சை. முடிவு.

வியாழன் அன்று கடன் மேடம் மனையைப் போட்டோ எடுக்க வருகிறார். அரசு மானியத்தோடு வீட்டுக் கடன். தகுதியெல்லாம் சரி. மனை பெண் பேரில் இருக்க வேண்டும், இருக்கிறது. வேறெங்கும் சொந்த வீடு இருக்கக் கூடாது, அது எங்களிடம் தாராளமாக இல்லை. மனை காலியாக இருக்க வேண்டும். காலிதான்.

ஜூன் 12, வியாழன்

மூட்டம். மேடம் சின்னப் பெண். ஸ்கூட்டியை நிறுத்தியதுமே முகம் மாறிவிட்டது.

"வேலை ஆரம்பிச்சிட்டீங்களாக்கா?"

"இல்ல மேடம், வாசக்கால் மட்டும்தான். நல்ல நாள்னு..."

"கடன் சாங்ஷன் ஆகறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சா தகுதி போயிடும்க்கா. படத்துல ஒரு செங்கல் கூடத் தெரியக் கூடாது."

காலி மனை என்றால் வீடு இல்லாத மனை என்றுதானே நினைத்தோம். வாசக்கால் வீடா? எடுத்துவிட்டால் சனிக்கிழமை மறுபடி வருவதாகச் சொன்னாள். நல்ல பெண். இருந்தாலும் நாலு அறை விடலாம் போல இருந்தது.

சாயங்காலம் மல்லிகா அக்கா ஆடித் தீர்த்துவிட்டார். "வெச்ச வாசக்கால புடுங்குனா குடி வெளங்குமாடி? கடனும் வேணாம், ஒண்ணும் வேணாம். வாடகை வூட்லயே இருங்க."

க. தரையைப் பார்த்தபடி, "என்னால கை வெக்க முடியாது பேச்சி. மனசு வரல."

எனக்கு மட்டும் வருமா? ஆனால் இந்தக் கடன் இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் எங்களுக்கு வீடு கிடையாது.

ஜூன் 13, வெள்ளி

வெள்ளிக்கிழமை எடுக்கக் கூடாது என்று நானே ஒரு சாக்கு. ஷிஃப்ட் முடிந்து சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாவிலை காய்ந்துவிட்டது. நிலைமேல் ஒரு மைனா, அதன் அப்பன் வீடு மாதிரி.

சாம்பாரில் உப்புப் போட மறந்தேன். க. தட்டிலேயே உப்பைப் போட்டுப் பிசைந்துகொண்டார்.

ஜூன் 14, சனி

தூறி நின்றிருந்தது. கடப்பாரையோடு நான். க. பின்னாலேயே வந்து வேலியோரம் நின்றுகொண்டார். மல்லிகா அக்கா வரவில்லை.

கற்பூரம் ஏற்றி, "கோவிச்சிக்கிடாதம்மா" என்றேன். யாரிடம் சொன்னேனோ. சிமென்ட் நன்றாகப் பிடித்திருந்தது. பயம். அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. நிலை சாய்ந்தபோது க. ஓடி வந்து தாங்கிக்கொண்டார், தரையில் விழ விடவில்லை. ரெண்டு பேருமாகத் தூக்கிப்போய் ரோட்டில் மீன்பாடி வண்டியில் படுக்க வைத்தோம். செங்கலையும் பொறுக்கியாயிற்று.

மேடம் வந்தாள். போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"நீங்களும் படத்துல இருக்கணும்க்கா."

"எங்க நிக்கட்டும்?"

"எங்க வேணா நில்லுங்க. காலி மனைதானே."

செருப்பைக் கழற்றிவிட்டு, அடுப்படியில் போய் நின்றேன்.