நாற்பத்தெட்டு விநாடி

மார்ச் 3, திங்கள்

லிஃப்டில் நான் ஏறியதும் பேச்சு நின்றது. கம்ப்யூட்டர் செய்கிற இந்தக் கம்பெனியில் நான் விளம்பரப் பிரிவின் தலைவன். என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினால் ஏதோ விளம்பரத்தைப் பற்றிய பேச்சாகத்தான் இருக்கும். மேஜைக்குப் போய் அந்த விளம்பரத்தை நானும் பார்த்தேன்.

எதிர்க் கம்பெனிக்காரனின் வேலை. படத்தில் இரண்டு சேவைக் கவுண்டர்கள். ஒன்றில் துறுதுறுவென்று ஒரு பெண் — அது அவர்கள் கம்ப்யூட்டராம். இன்னொன்றில் கசங்கிய முழுக்கைச் சட்டையும் பெரிய மீசையுமாக ஓர் ஆசாமி — அது எங்கள் கம்ப்யூட்டராம். யார் என்ன கேட்டாலும் "ஒரு நிமிஷம்" என்கிறான். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறான். கைக்குட்டையை நாலாக மடிக்கிறான். இரண்டு முறை செருமுகிறான். அதற்குள் பக்கத்துக் கவுண்டர்ப் பெண் வேலையை முடித்து, விளக்கை அணைத்துவிட்டு, வீட்டுக்கே போய்விடுகிறாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற எல்லாருக்கும் வந்திருக்கிறது.

மார்ச் 4

எம்.டி. கூப்பிட்டார். இந்த மாதம் முடிவதற்குள் எதிராளி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு பதில் விளம்பரம் வேண்டுமாம். இல்லையென்றால் என் இடத்துக்கு வேறு ஆளைப் பார்ப்பாராம். ஐம்பத்திரண்டு வயதில் நான் எந்த வாசலில் போய் நிற்பேன்?

மார்ச் 6

கூட்டம். வக்கீல், மானநஷ்ட வழக்குப் போடலாம் என்றார். நஷ்டமானது கம்ப்யூட்டரின் மானமா நம் மானமா என்று எம்.டி. கேட்க, அதிலேயே முக்கால் மணி நேரம் போயிற்று. விற்பனை மேலாளர், நாமும் அவர்களைக் கிண்டல் செய்யலாம் என்றார். எதைச் சொல்லிக் கிண்டல் செய்வது என்று கேட்டதும் எல்லாரும் அவரவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்தோம்.

தலைமைப் பொறியாளர் மேடம் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இது விளம்பர விஷயம், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று நான்தான் அடக்கிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மானம் கப்பலேறிவிட்டது, அதுவும் என் வீட்டிலிருந்தே.

மதியச் சாப்பாட்டுக்கு மைத்துனன் வந்திருந்தான். மனைவியின் தம்பி. பத்து வருடமாக நடிப்பதற்கு வாய்ப்புத் தேடி அலைகிறவன். டிவியில் அந்த விளம்பரம் ஓடியது. என் மகள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மீசையை ஒட்டி என்ன மாமா, காது காட்டிக்குடுத்துடுதே" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனைவிக்கு முன்பே தெரியுமாம். சொன்னால் நான் சாப்பிட மாட்டேன் என்று சொல்லவில்லையாம்.

அவன் தட்டைப் பார்த்தபடியே, "பத்து வருஷத்துல வசனம் பேசக் கிடைச்ச முதல் வேஷம் அத்தான் இது. எப்படி விடறது?" என்றான்.

அதுவாவது போகட்டும். இந்தச் செருமலையும் துடைப்பதையும் எங்கே பார்த்துப் பிடித்தாய் என்று கேட்டேன். மூன்று பேரும் என் கையையே பார்த்தார்கள். நான் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். நாலாக.

மார்ச் 10

சாப்பிடவில்லை. மனைவி சொன்னது சரிதான்.

மார்ச் 13

இரண்டாவது விளம்பரம். இந்த முறை மைத்துனன் வேலையைத் தொடங்குமுன் கண்ணை மூடி ஒரு மெட்டை முணுமுணுக்கிறான். எங்கள் வரவேற்பு இசை! கம்ப்யூட்டரைப் போட்டதும் எங்கள் சின்னம் மெல்ல விரிந்து, இசையோடு 'நல்வரவு' என்று வருமே, அது என் யோசனை. மெட்டுக்கூட நான் முணுமுணுத்துக் காட்டியதுதான். இத்தனை வருட உத்தியோகத்தில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.

திருடிவிட்டார்கள் என்று வக்கீலுக்குப் போன் செய்தேன். மனிதருக்கு ஏகக் குஷி. உள்ளுக்குள் எனக்கும் கொஞ்சம் பெருமைதான். எதிரிக்கே மனப்பாடம் ஆகியிருக்கிறது.

மார்ச் 17

எங்கள் கம்ப்யூட்டர் எத்தனை விநாடியில் தயாராகும் என்று பதில் விளம்பரத்தில் அடித்துச் சொல்லிவிடலாம் என்று மேடத்திடம் போனேன். அளந்தே வைத்திருந்தார். அவர்களுடையது இருபத்து மூன்று. எங்களுடையது நாற்பத்தெட்டு.

"அந்த நாற்பத்தெட்டுல இருபத்தேழு உங்க பாட்டு சார்" என்றார்.

இருபத்தோரு விநாடியில் கம்ப்யூட்டர் தயாராகிவிடுகிறதாம். மிச்ச நேரம் என் இசை முடியட்டும் என்று கைகட்டி நிற்கிறதாம். எந்த முட்டாள் அப்படி நிற்கச் சொன்னது என்று சீறினேன். மேடம் டிராயரிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து முன்னால் வைத்தார். 'வாடிக்கையாளர் இதை முழுமையாகக் கேட்டு அனுபவிக்க வேண்டும். இடையில் நிறுத்துவதற்கு வழி இருக்கக் கூடாது.' ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. கீழே என் கையெழுத்து. 'கூடாது' என்பதை அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

அன்றைக்குக் கூட்டத்தில் இதைத்தான் சொல்ல வந்தாராம். முகத்தில் அசடு வழியத் திரும்பி வந்தேன்.

மார்ச் 18

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும். நிதானம்தான் தரம் என்று ஏதாவது படம் எடுத்து ஒப்பேற்றிவிடலாம். மேடம் காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை. — இல்லைதானே?

மார்ச் 26, புதன்

எடுத்த படத்தைக் காட்டுகிற நாள். எம்.டி., வக்கீல், இயக்குநர்கள் என்று பதினொரு பேர். எங்கள் அலுவலகத்தில் எதையும் எங்கள் கம்ப்யூட்டரில்தான் காட்ட வேண்டும் என்பது விதி. பொத்தானை அழுத்தினேன்.

நாற்பத்தெட்டு விநாடி என்றால் எவ்வளவு நேரம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. சின்னம் விரிகிறது. விரிந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் நகத்தைப் பார்த்தார். ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். என்னை அறியாமல் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். எம்.டி.யைப் பார்த்து, "ஒரு நிமிஷம் சார்" என்றேன்.

முதலில் சிரித்தது வக்கீல். அப்புறம் அறை முழுக்க. எம்.டி.க்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. படத்தைப் போடாமல் எழுந்து நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இருபத்தேழு விநாடி, கடிதம், அடிக்கோடு, எல்லாம்.

சிரிப்பு அடங்கியது. "அப்ப அவங்களுக்கு என்னதான் பதில் சொல்றது?" என்றார் எம்.டி.

"அவங்க சொல்றது நிஜம் சார். பேசி ஜெயிக்க முடியாது. என் பாட்டைத் தூக்கிடுவோம்."

என் வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 31

மாதம் முடிந்தது. என் நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. உட்கார்ந்து பார்த்தேன்.

ஏப்ரல் 15

இசை இல்லாத முதல் கம்ப்யூட்டர். மேடம் அளந்தார். சொன்னபடி இருபத்தொன்று. எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

சாப்பாட்டு நேரத்தில், ஆள் இல்லாதபோது, பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் போட்டுக் கடைசிவரை கேட்டேன். அழுகை வந்துவிட்டது, என்ன செய்ய? நல்ல மெட்டு. அவசரமாக வேலை பார்க்க வந்தவனைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்கச் சொன்னதுதான் தப்பு.

மே 6

கடைகளில் இரண்டு கம்ப்யூட்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டுக் காட்டுகிறார்களாம். எங்களுடையது முந்துகிறதாம். அந்த விளம்பரத்தை நிறுத்திவிட்டார்கள்.

மைத்துனன் போன் செய்தான். "அத்தான், உங்களால என் வேஷம் போச்சு" என்றான். வருத்தப்படுகிறானா பாராட்டுகிறானா, பிடிபடவில்லை. எனக்கும் சந்தோஷமும் குற்ற உணர்ச்சியும் ஒன்றாக வந்து தொலைத்தன. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 2, திங்கள்

புது விளம்பரம். மைத்துனனுக்குத் திரும்பவும் வேலை கிடைத்துவிட்டது. இந்த முறை ஒரு வரி எழுதுவதற்குள் வியர்த்துக் கொட்டி, அறையே அதிர மூச்சு வாங்குகிறான். பக்கத்தில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். எங்கள் கம்ப்யூட்டர் சூடாகிறதாம், உள்ளே இருக்கிற விசிறி ஊரைக் கூட்டுகிறதாம்.

வக்கீல் இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை. எம்.டி. அழைத்ததாகச் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் வருவதாகச் சொல்லச் சொல்லிவிட்டு, படியிறங்கி மேடத்தின் அறைக்குப் போனேன்.

"நம்ம மிஷின் நிஜமாவே இப்படிச் சூடாகுதா மேடம்?"

அவர் எதிரே இருந்த நாற்காலியில் குவிந்திருந்த காகிதங்களை எடுத்துக் கீழே வைத்தார்.

"உக்காருங்க சார்" என்றார். "நான் இங்க சேர்ந்த மூணு வருஷத்துல இதைக் கேக்கறதுக்குன்னு இறங்கி வந்த முதல் ஆள் நீங்கதான்."