கையை ஆட்டிய மருந்து

நேற்றுக் காலை இன்ஹேலரை இரண்டு தடவை இழுத்துவிட்டுக் காபி டம்ளரைத் தூக்கினேன். கை ஆடியது. பாதிக் காபி வேட்டியில். இந்த வயதில் எனக்கும் இழுப்பு வந்திருக்கிறது என்று உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. நீ இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய்.

உனக்கு முப்பது வயதிலேயே வந்துவிட்டது. தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் நம் லைன் வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர். நீ சுரங்கத்தில் வைண்டிங் என்ஜின் டிரைவர். ஆட்களைப் பாதாளத்துக்கு இறக்கி ஏற்றும் கேஜ் உன் கையிலிருந்த லீவரில்தான் ஓடியது. நான் டிஸ்பென்சரி கம்பவுண்டர். பனிக்காலத்தில் உன் நெஞ்சு விசிலடிப்பது சுவர் வழியாக எனக்குக் கேட்கும். டாக்டர் எழுதிய எபெட்ரின் மாத்திரையை நான்தான் பொட்டலம் கட்டிக் கொடுப்பேன். நீ அதைத் தொட மாட்டாய்.

"அத்த போட்டா மூச்சு நல்லா வருதுய்யா. ஆனா கை ஆடுது. ஒரே மருந்து நெஞ்ச அவுத்து உடுது, கைய புடிச்சி ஆட்டுது. இன்னா ஞாயம் இது?"

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. "எல்லாம் உன் பிரமைய்யா" என்று அதட்டினேன்.

"கேஜ்ல ஆளுங்க நிக்கிறாங்க. எனுக்கு பிரமைகூட வரக்கூடாது."

அந்த மார்கழியில் உன் இழுப்பைக் கேட்கச் சகிக்காமல் அதைச் செய்தேன். நீ வழக்கமாக வாங்கும் இருமல் மிக்ஸ்சரில் எபெட்ரினைப் பொடித்துக் கரைத்தேன். வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, வெட்டுகள் போட்ட காகிதப் பட்டையைப் புட்டியில் ஒட்டி, ஒன்றும் தெரியாதவன்போலப் புட்டியை நீட்டினேன். நல்லது செய்கிறோம் என்ற திமிர்.

மறுநாள் ஷிப்ட் நடுவில் நீ டிஸ்பென்சரிக்கு வந்தாய். கை நடுங்கத் தொடங்கியதும் கேஜைப் பத்திரமாக நிறுத்தி, லீவரை இன்னொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வரிசையில் நின்றவர்கள் எதிரில் புட்டியை மேஜைமேல் வைத்தாய்.

"இதுல இன்னா கலந்த? உன்ன நம்பி நான் குடிச்சேன். என்ன நம்பி அவங்க ஏறினாங்க."

அதன் பிறகு இரண்டு வருடம் நீ என்னோடு பேசவில்லை. என் கையால் ஒரு மாத்திரைகூட வாங்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து உன் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் மனைவி ஓடி வந்தாள். "அண்ணா, சீக்கிரம் வாங்க, அவுருக்கு மூச்சே வரல." நீ கட்டிலின் சட்டத்தைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தாய். உதடு நீலம் பாரித்திருந்தது. மருந்துக்குப்பியை உடைக்குமுன் உன் முகத்துக்கு நேரே காட்டினேன்.

"இது அட்ரினலின். கை ஆடும். நெஞ்சு படபடன்னு அடிக்கும். போடட்டுமா?"

வார்த்தை வார்த்தையாக மூச்சைத் திரட்டிச் சொன்னாய்: "போடு. இன்னிக்கி... ஷிப்ட் இல்ல."

கையை நீட்டினாய். சற்று நேரத்தில் விசில் அடங்கியது. உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் எந்த ஊசிக்கும் உன் நெஞ்சு திறக்கவில்லை.

உன் கேள்விக்கு விடை எனக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில்தான் கிடைத்தது. ஒரு பயிற்சி வகுப்பில் இளம் டாக்டர் ஒருவர் பலகையில் வரைந்து காட்டினார். எபெட்ரின் அட்ரினலினுக்கு உறவாம். அட்ரினலின் செல்லுக்குள் போவதே இல்லையாம். வெளிச்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. உடனே உள்ளே வேறொரு பொருள் உண்டாகிச் சேதியைக் கொண்டுபோகிறது. அதற்கு சைக்ளிக் ஏ.எம்.பி. என்று பெயர். சேதி சேர்ந்ததும் மூச்சுக்குழாயை நெரிக்கும் தசைக்குள் கால்சியம் குறைந்து பிடி தளர்கிறது. கீழே சுரங்கத் தளத்தில், லெவலில் நின்று மணி அடிப்பவன் என்ஜின் அறைக்கு வருவதில்லை, மணியைக் கேட்டு நீதான் லீவரைத் தள்ளுவாய், அதுபோலத்தான். கையிலுள்ள தசையிலும் அதே மணிதான் அடிக்கிறது. ஆனால் அங்கே நடக்கும் வேலை வேறு, அதனால் கை ஆடுகிறது. பிரமை இல்லை, நீ சொன்னதுதான் சரி. வகுப்பில் எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள், நான் தலை குனிந்துகொண்டேன்.

ஓய்வு பெறும்வரை, இது இன்ன மருந்து, இன்னது செய்யும் என்று சொல்லாமல் ஒருவருக்கும் ஒரு சொட்டுக் கொடுக்கவில்லை. வாய் ஓயாத கம்பவுண்டர் என்று ஊரே கேலி செய்தது. அந்தப் பழக்கத்தை நீதான் கொடுத்தாய். ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் நான் சொல்லவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கையை நீட்டியபோது சொல்லியிருக்கலாம். நரம்பைத் தேடுவதுபோலக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோலுக்கடியில் போடும் அந்த ஊசிக்கு நரம்பே தேட வேண்டியதில்லை.

தப்பு பண்ணிட்டேன்யா.