சவடால் பூச்சியின் பெயர்க் காரணம்

மார்ச் 4

அன்புள்ள டிக்‌ஷனரிக்கு,

ஆறு வருஷம் கழித்து இந்தப் பட்டப்பெயரில் கூப்பிடுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. அலுவலக விஷயம்தான். அருங்காட்சியகத்தில் அந்துப்பூச்சி அறையைப் புதுப்பிக்கிறார்கள். விளக்கச் சீட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு பூச்சிக்கு ஆங்கிலத்தில் ‘வேப்பரர்’ என்று பெயர். ‘வேப்பர்’ என்றால் நீராவி; ஆவிக்கும் பூச்சிக்கும் என்ன உறவு? அகராதி அலுவலகத்தில் இருக்கும் உன்னை விட்டால் எனக்கு யார் சொல்வார்கள்?

வீடு அப்படியே இருக்கிறது. என் சமையலைத்தான் சகிக்க முடியவில்லை.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 11

பூச்சிக்காரருக்கு,

நலம். முந்தைய காலத்து ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் சவடால் அடிப்பது, பந்தா காட்டுவது என்றும் பொருள் உண்டு. ஆண்பூச்சி பட்டப்பகலில் படபடத்துத் திரிவதால் அப்படிப் பெயர் வைத்தார்களாம். பெண்ணுக்குப் பெயருக்குத்தான் இறக்கை, பறக்காது. கூட்டைவிட்டு வந்து அதன் மேலேயே காத்திருக்கும், முட்டையிடும், செத்துப்போகும். பெயர் என்னவோ ஊர் சுற்றுகிறவருடையது. படித்ததும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. நீங்கள் அருங்காட்சியகத்தின் கண்காட்சி வண்டியோடு ஊர் ஊராகப் போன பதினோரு வருஷமும் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 19

அன்புள்ள டிக்‌ஷனரிக்கு,

உன் கடிதம் கண்டு அந்தப் பூச்சிகளைக் குத்திவைத்த பெட்டியைத் திறந்தேன். ஆண் இரண்டும் இருந்தன. பக்கத்தில் வெறும் ஊசித் துளை. இறக்கை உதிர்ந்து கெட்டுப்போனது என்று நினைத்துப் பெண்ணைப் போன மாதம் நானே குப்பையில் போட்டிருக்கிறேன். மேலதிகாரி பிடிபிடியென்று பிடித்துவிட்டார். “என்னய்யா, இத்தனை வருஷம் இந்தப் பெட்டியோடதானே சுத்துன? இது பொண்ணுன்னு தெரியல?”

தெரியவில்லை. தனியாக இருக்க முடியவில்லையம்மா. வண்டி வேலையை விட்டுவிட்டேன். நீ வந்துவிடு. ஏப்ரல் முதல் ஞாயிறு ரயில் நிலையத்தில் நிற்கிறேன்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 26

பூச்சிக்காரருக்கு,

இப்போதும் என்னைத்தான் வரச் சொல்கிறீர்கள். ஊரெல்லாம் போனீர்கள், இந்த ஊருக்கு மட்டும் உங்களுக்கு வழி தெரியவில்லை. இங்கே வந்த முதல் இரண்டு வருஷம், நீங்கள் வந்தால் வீடு பூட்டியிருக்கக் கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போகமாட்டேன். இப்போது போகிறேன். தனியாகத்தான்.

நிலையத்தில் நிற்க வேண்டாம். சொற்களில் சந்தேகம் வந்தால் எழுதுங்கள். யார் கேட்டாலும் பதில் போடுவது என் வேலை.

இப்படிக்கு,
சொற்பிறப்புப் பிரிவு,
அகராதி அலுவலகம்